சுவருக்கு வாய் வைக்கலாமா?

சுவருக்கும் காது உண்டு என்று நம் பெரியோர்கள் எச்சரித்து வைத்தார்கள். அது போதாதென்று இந்நாளில் சுவருக்கு வாயும் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். புதிதாய் வீடு கட்டுகிறவர்களும், அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பகுதியை வாங்கித் தம் மனம்போல் திருத்தி அமைக்கிறவர்களும், கூடத்துச் சுவரில் பெரிய டெலிவிஷன் ஒன்றை மாட்டுகிறார்கள். அதைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகளையும், அடித்தொண்டைக்கென்று சப்வூஃபர் ஒன்றையும் அமைத்து, அதற்கு ‘ஹோம் தியேட்டர்’ என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். சினிமாக் கொட்டகைக்கு நாம் போகவேண்டிய சிரமமில்லாமல் கொட்டகையே நம்மைத் தேடி வந்துவிட்டது. இதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. இடைவேளையில் நல்ல காப்பி கிடைக்கும் கொட்டகை இது ஒன்றுதான் அல்லவா?

ஆனால், பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே வீட்டில் ஒரு வழக்கு ஆரம்பமாகிறது. அது கண்ணுக்கும் காதுக்கும் நடக்கும் வழக்கு. கூடத்தின் நடுவே கன்னங்கரேலென்று ஐந்து பெட்டிகள் நின்றால் கூடத்தின் லட்சணம் என்ன ஆவது என்று கண் கேட்கிறது. லட்சணத்தைக் கட்டிக்கொண்டு அழுவதற்கா இத்தனை பணம் கொடுத்தோம் என்று காது கேட்கிறது. கடைசியில் தச்சரையும் கொத்தனாரையும் மத்தியஸ்தர்களாக அழைக்கிறார்கள். அவர்கள், “சுவரில் பதித்துவிடலாம், இல்லாவிட்டால் புத்தக அலமாரியில் வைத்து மறைத்துவிடலாம்” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பு சரிதானா என்று ஆராய்வதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

தீர்ப்பு முழுவதும் தவறு என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், அதில் ஒரு முக்கியமான அம்சம் விட்டுப்போயிருக்கிறது. ஒலிபெருக்கியைச் சுவரில் பதித்தால் அச்சுவர் ஒலிபெருக்கியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. அலமாரியில் வைத்தால் அலமாரியும் அப்படியே. வீணையின் தந்தி மட்டுமா நாதம் தருகிறது? குடம் சரியில்லாவிட்டால் எந்த வித்வானும் என்ன செய்ய முடியும்? இது சந்தேகமாயிருந்தால், ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகள் செய்யும் பரீட்சை ஒன்றைச் செய்து பார்க்கலாம். செல்போனில் ஒரு பாட்டை வைத்து அதைப் பித்தளைச் சொம்புக்குள் இறக்குங்கள். சத்தம் பெருகும்; ஆனால் பாடுகிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டவர் போல் ஆகிவிடுவார். பணம் செலவழித்து வாங்கிய ஒலிபெருக்கியை அளவறியாத ஓர் அலமாரிக் குழிக்குள் தள்ளுகிறவர்கள் இதே காரியத்தைத்தான் பெரிய அளவில் செய்கிறார்கள்.

சப்தம் போகும் வழி

காற்றில் சப்தம் விநாடிக்கு ஏறக்குறைய 1,130 அடி செல்கிறது. விநாடிக்கு 100 முறை அதிரும் மந்தர ஸ்தாயிச் சப்தத்தின் அலை பதினோரு அடிக்கு மேல் நீளமுடையது. விநாடிக்கு 10,000 முறை அதிரும் உச்ச ஸ்தாயிச் சப்தத்தின் அலையோ ஒன்றரை அங்குலங்கூட இல்லை. இவ்விரண்டும் நடந்துகொள்ளும் முறை வேறு. ஆற்று வெள்ளம் நடுவிலுள்ள கல்லைச் சுற்றிக்கொண்டு போவது போல், நீண்ட அலை பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்புறமும் போகிறது. குறுகிய அலை, டார்ச் விளக்கின் ஒளி போல, முகம் பார்த்த திசையிலேயே போகிறது.

இனி, பின்புறம் போன மந்தர அலையைக் கவனிப்போம். பெட்டியின் முகத்துக்கும் பின்சுவருக்கும் இரண்டடி தூரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அலை சுவருக்குப் போக இரண்டடி, திரும்பி வர இரண்டடி, ஆக நான்கு அடி தாமதித்து முன் அலையோடு சேருகிறது. எட்டடி நீளமுள்ள அலைக்கு நான்கு அடி என்பது சரி பாதி. முன்னலை மேடாக எழும்போது பின்னலை பள்ளமாக வந்து அதை விழுங்கிவிடுகிறது. விநாடிக்குச் சுமார் 140 அதிர்வுகள் உள்ள சப்தத்துக்கு நேரும் கதி இது. ஆண்பிள்ளைகளின் பேச்சுக் குரலுக்கு அஸ்திவாரம் இருக்கும் இடமும் அதுதான். சுவரிலிருந்து கொஞ்சமாக நகர்த்தி வைத்த பெட்டியில் கதாநாயகன் குரல் மெலிந்து கேட்பதன் ரகசியம் இதுவே. ராய் அல்லிஸன் என்ற அமெரிக்கர் 1974ஆம் ஆண்டில், அறையின் சுவர்களும் தரையும் ஒலிபெருக்கியின் சக்தியை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பதை அளந்து எழுதியபின், இந்த விஷயம் ஒலி நிபுணர்களிடையே நன்றாகப் பரவிற்று.

இதற்குப் பரிகாரம் இரண்டு. பெட்டியைச் சுவரிலிருந்து மூன்றரை அடிக்குமேல் விலக்கி வைத்தால், அந்தப் பள்ளம் விநாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழே போய்விடும். அது சப்வூஃபரின் ராஜ்யமாகையால், சிறிய பெட்டிகளுக்கு நஷ்டமில்லை. ஆனால், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில் மூன்றரை அடியை இதற்கு ஒதுக்கிவிட்டால், சோபாவை மாடிப்படியில்தான் போடவேண்டியிருக்கும். மற்றப் பரிகாரம், பெட்டியின் முகத்தைச் சுவரின் முகத்தோடு ஒன்றாக்கிவிடுவது. அப்போது பின்னால் போவதற்கு அலைக்கு வழியே இல்லை. வேண்டாத பள்ளம் மறைகிறது. நான்கு திக்கிலும் சிதறவேண்டிய மந்தர சப்தம் முன்பக்கமாகவே வருவதால் அதன் அழுத்தம் இரட்டிக்கிறது. இதை ஒலியளப்போர் 6 டெசிபல் என்று கணக்கிடுகிறார்கள்.

ஆகவே, சுவரில் பதிப்பது அலங்காரத்துக்காகச் செய்யும் குற்றம் என்று நினைக்கவேண்டியதில்லை. அதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு. கம்பிச் சுருளினால் காகிதக் கூம்பை அசைக்கும் இன்றைய ஒலிபெருக்கியை ரைஸ், கெல்லாக் என்னும் இரு அமெரிக்கப் பொறியியலார் 1925இல் வெளிப்படுத்தினார்கள். கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே நடுவே ஒரு பலகைத் தடுப்பு வேண்டும். வீட்டுச் சுவரைவிடப் பெரிய தடுப்பு ஏது? பால் கிளிப்ஷ் என்பவர் ஒரு படி மேலே போய், 1946 முதல் அறையின் மூலையில் நிற்பதற்கென்றே ஒலிபெருக்கிகளைச் செய்து விற்றார். அவருடைய பெட்டிக்கு இரண்டு சுவரும் சேர்ந்து எக்காளத்தின் வாயாக வேலை செய்தன.

அமெரிக்கச் சுவரும் நமது சுவரும்

சாஸ்திரம் சரியானாலும் சுவர் சரியாயிருக்க வேண்டுமே! சுவரில் பதிக்கும் ஒலிபெருக்கிகள் அமெரிக்காவில் பிறந்தவை. அங்கே வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் பொள்ளலானது. பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச் சட்டம் நிறுத்தி, இரு புறமும் அரை அங்குல ஜிப்ஸம் பலகை அறைந்துவிடுகிறார்கள். நடுவே மூன்றரை அங்குல ஆழத்துக்கு வெறும் இடம். அதில் ஒரு வாள் கொண்டு துவாரம் அறுத்து, ஒலிபெருக்கியை நுழைத்து, நான்கு திருகாணிகளை முடுக்கினால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. கடையில் விற்கும் பதிப்பு ஒலிபெருக்கிகள் நான்கு அங்குலத்துக்குள் அடங்கியிருப்பதன் காரணமும் அந்தச் சட்டம்தான்.

நமது சுவரோ செங்கல்லும் சிமெண்டும். ஒன்பது அங்குலச் சுவரானால், பல வீடுகளில் மாடியின் பாரத்தைத் தாங்கி நிற்பது அதுதான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரானால், நான்கு அங்குலம் தோண்டியபின் மிஞ்சுவது பூச்சு மட்டுமே. அதையும் தாண்டிக் கொத்தனாரின் உளி பக்கத்து அறையில் எட்டிப் பார்த்துவிடும். கான்கிரீட் தூணிலும் உத்தரத்திலும் யாதொரு காரணத்தைக் கொண்டும் கை வைக்கக்கூடாது. குளியலறைக்கு அடுத்த சுவரில் ஓதம் ஏறியிருந்தால், காகிதக் கூம்புக்கும் கம்பிச் சுருளுக்கும் அது எமன்.

நம் ஊருக்கு ஏற்ற வழி, செங்கற் சுவரை அப்படியே விட்டு, அதற்கு முன்னால் நான்கைந்து அங்குலம் தள்ளி மரச்சட்டமும் பலகையுமாக ஒரு பொய்ச் சுவர் எழுப்புவதுதான். டெலிவிஷனையும் அதிலேயே மாட்டிவிடலாம். கம்பிகளும் கண்ணில் படா. ஆனால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பலகை மெல்லியதாயிருந்தால் அது தானே தம்பட்டமாக மாறி அதிரும். இரண்டு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அறைந்து, சட்டங்களை நெருக்கமாக நிறுத்தினால் அந்த உபத்திரவம் குறையும். இரண்டாவது, ஒலிபெருக்கிக்குப் பின்னால் அதற்கென்று தனிப் பெட்டி ஒன்றைச் செய்து மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பின்புறச் சப்தம் பொள்ளல் முழுவதும் ஓடிப் பக்கத்து அறையில் படிக்கும் பையனின் காதில் போய் விழும். மூன்றாவது, அண்டை வீட்டாருக்கும் நமக்கும் பொதுவான சுவரில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். மந்தர சப்தத்துக்குச் செங்கல் பெரிய தடையல்ல. சீட்டு வாங்காமல் தினந்தோறும் இரண்டாவது ஆட்டம் கேட்க நேரும் அண்டை வீட்டார், நமக்கு நன்றி செலுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

புத்தகங்களின் புதிய உபயோகம்

சுவரை உடைக்க மனமில்லாதவர்களுக்குப் புத்தக அலமாரி இருக்கிறது. எட்கர் வில்ச்சர் என்னும் அமெரிக்கர் 1954இல் செய்த காரியத்துக்காக அவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம். அதுவரை நல்ல மந்தர நாதம் வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டியிருந்தது. வில்ச்சர் ஒரு சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாக வேலை செய்ய வைத்தார். அதன் பிறகுதான் ஒலிபெருக்கிகள் அலமாரித் தட்டில் ஏறின. இன்றும் கடைக்காரர் ‘புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்’ என்று சொல்லித்தான் விற்கிறார். ஆனால் பெயரை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. அப்பெயரில் விற்கும் பெட்டிகளில் பலவற்றின் முதுகில் ஒரு துவாரம் இருக்கும். அவை தனி முக்காலியில், திறந்த வெளியில், நிற்பதற்காகச் செய்யப்பட்டவை. அலமாரிக்கு வாங்குகிறவர்கள் துவாரமில்லாததையோ, துவாரம் முகத்தில் இருப்பதையோ தேர்ந்தெடுப்பது நலம். முதுகில் துவாரமுள்ளது ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், பின்னால் நாலைந்து அங்குலம் இடம் விடலாம். அல்லது துவாரத்தில் ஸ்பாஞ்சைச் சுருட்டி அடைக்கலாம். சிலர் பெட்டியோடேயே அந்த ஸ்பாஞ்சையும் கொடுத்தனுப்புகிறார்கள்.

பெட்டியைத் தட்டின் உள்ளே தள்ளக் கூடாது. அதன் முகம் தட்டின் விளிம்போடு சமமாக, அல்லது ஒரு விரற்கடை முன்னால், நிற்கவேண்டும். உள்ளே தள்ளினால் தட்டின் பக்கங்களில் மோதிய சப்தமும் நேரே வரும் சப்தமும் குழம்பிப் போகும். பெட்டியைச் சுற்றிலும் வெற்றிடம் இருந்தால் அது முன் சொன்ன சொம்பு வேலையைச் செய்யும். அந்த வெற்றிடத்தைப் புத்தகங்களால் நிரப்புங்கள். புத்தகங்களைப் போலக் கனமும் மென்மையும் சேர்ந்த பொருள் வேறு எளிதில் கிடைக்காது. முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்ட புத்தகங்களையும், கலியாணத்தில் பரிசாக வந்து பிரிக்கப்படாமலே இருக்கும் புத்தகங்களையும் இதற்குத் தாராளமாய் உபயோகிக்கலாம். அறிவை வளர்க்காவிட்டாலும் அவை நாதத்தையாவது காக்கட்டும். பெட்டிக்கு அடியில் நான்கு ரப்பர்த் துண்டுகள் வைத்தால் தட்டு அதிராது. அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு இருந்தால், கேட்கும் நேரத்திலாவது அது திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் சாதாரணமாய் நடக்கிறது. தட்டின் உயரம் போதவில்லையென்று நிற்கவேண்டிய பெட்டியைப் படுக்கவைத்துவிடுகிறார்கள். பெரிய கூம்பும் சிறிய கூம்பும் மேலும் கீழுமாக இருக்கும்போது, சோபாவின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கும். பக்கத்தில் பக்கமாகப் படுத்துவிட்டால், நடுவில் இருப்பவருக்கு ஒரு விதமாகவும் ஓரத்தில் இருப்பவருக்கு வேறு விதமாகவும் கேட்கும். தச்சரிடம் தட்டின் உயரத்தை மாற்றச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

அம்மாளின் காது

இவ்வளவு நுட்பம் சாமானிய ஜனங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். அவர்களுக்கு நாம் அறிந்த ஒரு வீட்டின் விஷயத்தைச் சொல்கிறோம். அந்த வீட்டில் எழுபத்தைந்து வயதான அம்மாள் ஒருவர் இருக்கிறார். புதிய ஹோம் தியேட்டர் வந்த பிறகு அவர் கூடத்துக்கு வருவதைக் கொஞ்சங்கொஞ்சமாய் நிறுத்திக்கொண்டார். “பாட்டும் அடிதடியும் இடி மாதிரி கேட்கிறது, பேசுவதுதான் ஒன்றும் புரியவில்லை” என்றார். பிள்ளைகள் சத்தத்தைக் கூட்டினார்கள். இடி பேரிடியாயிற்று, பேச்சுத் தெளியவில்லை. அம்மாளுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வீட்டார் ஏகமனதாய் முடிவு செய்தார்கள். அம்மாளும் அதை நம்பி, தம் அறையிலேயே இருந்துவிட்டார்.

பேச்சுக்கென்று ஏற்பட்ட நடு ஒலிபெருக்கி எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். டெலிவிஷனுக்குக் கீழேயுள்ள மர மேடையில், ஒன்றரை அடி ஆழமான ஒரு குழியின் கோடியில், முழங்காலுக்கும் தாழ்வாக, தரையைப் பார்த்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அதன் முகத்தைக் குழியின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தில் ஒரு மரத்துண்டைச் செருகி, முகம் அம்மாளின் நாற்காலியை நோக்கி நிமிரும்படி செய்தார்கள். சுற்றியிருந்த வெற்றிடத்தில் பழைய பஞ்சாங்கங்களையும் புத்தகங்களையும் அடுக்கினார்கள். செலவு ஒன்றுமில்லை. அன்று மாலை செய்தி வாசித்ததை அம்மாள் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு, காய்கறி விலையைப் பற்றித் தம் அபிப்பிராயத்தையும் சொன்னார்.

வயதானவர்கள் காது வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம் என்பது நம் கருத்தல்ல. அவசியம் காட்டிக்கொள்ள வேண்டும். பேச்சைப் பிரித்தறிய உதவும் மெய்யெழுத்துச் சப்தங்கள் பெரும்பாலும் குறுகிய அலைகளாலானவை; வயதில் முதலில் குறைவதும் அவற்றைக் கேட்கும் சக்தியே. அந்தக் கொஞ்சத்தையும் ஒரு மரக் குழி பறித்துக்கொள்ளும்படி விடலாமா என்பதே கேள்வி. கேட்கவில்லை என்ற ஒரே காரணத்தினால் ஒருவர் கூடத்தை விட்டு விலகுவதென்பது சிறிய விஷயமன்று.

எது எங்கே?

நடு ஒலிபெருக்கி புதிய மோஸ்தர் என்று எண்ண வேண்டாம். 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி, பிலடெல்பியா நகரில் வாசித்த வாத்திய கோஷ்டியின் சங்கீதத்தைப் பெல் ஆராய்ச்சிசாலையார் டெலிபோன் கம்பி மூலம் வாஷிங்டன் மண்டபத்துக்கு அனுப்பியபோதே, இடம், நடு, வலம் என்று மூன்று தனி வழிகளை உபயோகித்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் நடுவிலிருந்து வரும் சப்தம் நடுவிலிருந்தே கேட்க வேண்டுமென்பது அதன் பயன்களில் ஒன்று.

ஆகவே நடுவிலுள்ளது டெலிவிஷனை ஒட்டி இருக்கட்டும். இடமும் வலமும் உள்ளவை உட்காருகிறவரோடு சேர்ந்து சமபக்க முக்கோணமாக அமையட்டும். சோபா ஒன்பதடி தூரத்தில் இருந்தால் அவையிரண்டுக்கும் இடையே சுமார் ஒன்பதடி. மூன்றின் சிறிய கூம்பும் உட்கார்ந்தவர் காதின் உயரத்தில், அதாவது தரையிலிருந்து மூன்றரை அடி சுமாரில், இருப்பது உத்தமம். முன்வரிசையைக் கூரையில் பதிக்க வேண்டாம். கதாநாயகன் திரையில் வாயசைக்க, வசனம் அசரீரியாய் ஆகாயத்திலிருந்து வரும். பின்னிரண்டும் பக்கவாட்டில், தலைக்குச் சற்றுப் பின்னால், காதைவிட ஓரிரண்டடி உயரத்தில் இருக்கலாம். சுவரிலோ கூரையிலோ பதித்தாலும் அதிக நஷ்டமில்லாதவை அவைதாம். அலமாரியிலோ சுவரிலோ வைத்தபின் மந்தரம் தடித்துக் கேட்டால், ரிசீவரோடு வரும் சிறிய மைக்கைச் சோபாவில் வைத்து அதன் கணக்கைச் செய்யவிடுங்கள். அதற்குப் பின்னும் தடித்தால் கையாலேயே சிறிது குறையுங்கள்.

உடைப்பதற்கு முன்

அலமாரியில் வைத்த பெட்டியை நாளைக்கு நகர்த்தலாம். சுவரில் பதித்ததை நகர்த்த முடியாது. சோபாவை எதிர்ச்சுவருக்கு மாற்ற நேர்ந்தாலும், பழைய துவாரம் நம்மைப் பார்த்து வாய் பிளந்துகொண்டே இருக்கும். ஆகையால், கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள். பெட்டிகளை எங்கே பதிக்க உத்தேசமோ அங்கே முக்காலியின்மேலும், புத்தகக் கட்டின்மேலும் வைத்துப் பாருங்கள். வெடிச் சத்தத்தையும் விமானச் சத்தத்தையும் கொண்டு பரீட்சிக்க வேண்டாம். அவை எங்கே வைத்தாலும் கேட்கும். ஒருவர் நிதானமாய்த் தமிழ் பேசுவதைக் கேளுங்கள். வீட்டில் யாருக்குக் காது சற்றுக் குறைவோ அவரை அவர் வழக்கமாய் உட்காரும் இடத்திலேயே உட்காரச் சொல்லி, புரிகிறதா என்று விசாரியுங்கள். அவர் சரியென்று சொன்ன இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.

புதிதாய் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு யோசனை. பூச்சு வேலைக்கு முன்பே, டெலிவிஷன் இருக்கும் இடத்திலிருந்து கூடத்தின் நான்கு மூலைகளுக்கும் வெறும் பி.வி.ஸி. குழாய்களைப் பதித்து, ஒவ்வொன்றிலும் இழுப்புக் கம்பி ஒன்றை விட்டுவையுங்கள். மின்சாரக் கம்பி போகும் குழாயில் இவற்றைச் சேர்க்கக் கூடாது. சாதாரண தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், ஐம்பதடிக்கு மேற்பட்டால் 2.5 மில்லிமீட்டரும் போதும். இன்று ஒலிபெருக்கி வாங்கப் பணமில்லாவிட்டாலும், குழாய் இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் சுவரை உடைக்காமல் வாங்கிக்கொள்ளலாம். பணமே சேராமற் போனாலும், குழாய் சுவருக்குள் சும்மாக் கிடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.